முப்பத்தாறு வீட்டுக்கும் தரம் போட்டவர்

யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் அண்ணாந்து பார்ப்பார். மின்விசிறி எத்தனை, அதில் ஓடுவது எத்தனை, பகலில் எரியும் விளக்கு எத்தனை என்று பார்த்து முடித்த பிறகுதான் கண் கீழே இறங்கி வீட்டுக்காரர் முகத்துக்கு வரும். "என்னா, பசியாறியாச்சா?" என்பார். அதற்குள் மனதுக்குள் அந்த வீட்டுக்கு ஒரு மதிப்பெண் விழுந்திருக்கும்.

மலேசியாவில், கிள்ளானில், தாமான் என்று நாங்கள் சொல்லும் எங்கள் குடியிருப்பில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முப்பத்தாறு வீடுகள். ஒரே சாலை, இரண்டு பக்கமும் பதினெட்டு பதினெட்டாக, மாடியில்லாமல் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். அவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். பதினோரு வருடமாக அவரே செயலாளர். பெயரை எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதினாலும் தாமானில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவர் 'செக்ரட்டரி'தான். எஸ்டேட் ஸ்டோரில் சாமான் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு முப்பது வருடம் நின்றவன். எங்கள் இருவருக்கும் ஒட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். அந்த ஒட்டுதலை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

அவர் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு குழல்விளக்கு. அதுவும் ஏழு மணிக்கு மேல்தான். மின்விசிறியின் மூன்று இறக்கைகளையும் கழற்றி, பழைய வேட்டியில் சுற்றி அலமாரிமேல் போட்டுவிட்டார். ஐஸ்பெட்டி இருந்தது, ஆனால் கரண்டு கிடையாது. கதவைத் திறந்தால் முட்டை வைக்கிற குழிகளில் ரப்பர் முத்திரைகள், கீழ்த்தட்டுகளில் சங்கத்தின் கோப்புகள், காய்கறிப் பெட்டியில் ரசீதுப் புத்தகங்கள். "கரப்பான் போகாது, எலி போகாது, பூச்சி அரிக்காது. இதவிட நல்ல அலமாரி எந்த ஆபீசுல இருக்கு, சொல்லுங்க சார்?" என்பார்.

அவர் மனைவி பகல் ஒரு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என் மனைவியோடு பேச வந்ததாகத்தான் பெயர். நாற்காலியை விசிறிக்கு நேர் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு வார்த்தை பேசி, ஐந்தாவது நிமிடம் உறங்கிவிடுவார். நாலரைக்கு எழுந்து முகம் கழுவிக்கொண்டு போவார். செயலாளரும் அப்படித்தான். காலைப் பத்திரிகை என் வீட்டு விசிறிக்குக் கீழே. சாயங்காலம் பந்து விளையாட்டு எந்த வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடுகிறதோ அங்கே. சட்டை தேய்ப்பது கோயில் ஆபீஸ் இஸ்திரிப் பெட்டியில். ஞாயிற்றுக்கிழமை பாசார் சந்தையில் ஒரு வாரத்துக்கு மீன் வாங்கி ஐந்து பொட்டலமாகக் கட்டுவார். அந்த ஐந்தும் பக்கத்து வீட்டுப் பத்மாவின் ஐஸ்பெட்டியில், மேலே ஐஸ் கட்டும் அறைக்குள் போய்விடும்.

பிறகு தன் வீட்டு மீட்டரை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். "பாருங்க, தூங்குது" என்பார், தொட்டிலில் கிடக்கும் பேரப்பிள்ளையைக் காட்டுவதுபோல. நாங்களும் பார்த்துவிட்டுச் சிரித்தோம். அதோடு விட்டிருந்தால் ஒரு கஞ்சனைப் பற்றிய வேடிக்கையாக முடிந்திருக்கும்.

பல் டாக்டரிடம் காத்திருந்தபோது ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் அவர் ஒரு கட்டுரை படித்தார். எங்கோ குளிர் தேசத்தில் வீட்டுக்கு வீடு தரம் போடுகிறார்களாம். சுவரின் கனம், கூரை, சன்னல் எல்லாம் அளந்து, எந்த வீடு சக்தியை வீணாக்குகிறது என்று சீட்டு எழுதி ஒட்டுகிறார்களாம். அந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டத்தில் அதை விரித்துக் காட்டினார்.

"நம்ம தாமானும் சும்மா இல்லன்னு காட்டணும். மாசம் ஒண்ணாந் தேதி நானும் சாரும் முப்பத்தாறு மீட்டரையும் பார்ப்போம். நூத்தம்பது யூனிட்டுக்குக் கீழ பச்சை. எரநூத்தம்பது வரைக்கும் மஞ்சள். அதுக்கு மேல சிவப்பு. பிஸ்கட் டின் மூடியில சாயம் அடிச்சு கேட்டுல கட்டிடுவோம்."

லோரி ஓட்டும் மணியம் கடைசி வரிசையிலிருந்து எழுந்தான். "செக்ரட்டரி, எங்க மாமியார் காலையில டிவி போட்டா ராத்திரிதான் அணைக்கிறாங்க. மாமியாரையே அணைச்சு வைக்க எங்கயாச்சும் சுவிட்ச் இருக்கா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, "மணியம் வீட்டுக்குச் சிவப்புதான் வரும்போல" என்றார். மணியம் உட்கார்ந்துவிட்டான். சிவப்புக்குப் பயந்தவன் என்று யார்தான் காட்டிக்கொள்வார்கள்? திட்டம் நிறைவேறியது.

முதல் மாதம் ஒன்பது பச்சை, பதினாறு மஞ்சள், பதினொரு சிவப்பு. அவர் எண்ணைப் படிப்பார், நான் போன மாத எண்ணைக் கழித்துச் சொல்வேன். கழித்தலில் நான் தப்பு விட்டதில்லை. ஆனால் வீட்டில் வந்து பட்டியலைப் பார்த்தபோது எனக்கே ஒன்று உறுத்தியது. பதினொரு சிவப்பில் எட்டு, மேற்குப் பார்த்த வரிசையில் இருந்தன. மத்தியானத்திலிருந்து வெயில் அந்த வீடுகளின் முகத்தில்தான் அடிக்கும். இன்னொன்று, ஒன்பது பேர் இருக்கும் வீட்டையும் இரண்டு பேர் இருக்கும் வீட்டையும் ஒரே கோலால் அளந்திருந்தோம். மறுநாள் போய்ச் சொன்னேன்.

"வெயிலுக்கு நான் மார்க் போட முடியாது சார்" என்றார்.

"ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்தாவது பார்க்கலாமே."

"ஆளு கூடிப்போனது அவங்கவங்க வீட்டுச் சமாச்சாரம் லா. அதுக்குச் சங்கம் என்னா பண்ணும்?"

அத்தோடு விட்டுவிட்டேன். பென்சிலும் நோட்டும் கையில் இருந்தால் எனக்கு நேரம் போவது தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எண்ணிச் சொல்லுங்கள் என்று கேட்டதில்லை. அவர் கேட்டார்.

மூடிகள் தொங்க ஆரம்பித்ததும் சாலையின் நடையே மாறியது. பச்சை வீட்டுப் பெண்கள் கேட்டருகே அதிக நேரம் நின்று பேசினார்கள். சிவப்பு வீட்டில் ஒருத்தி ஈரத்துணியைக் கேட்டின்மேல் போட்டு மூடியை மறைத்தாள். செயலாளர் போகிற வழியில் அந்தத் துணியை எடுத்து ஒழுங்காக மடித்துச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனார்.

பத்மாவின் வீட்டில் சிவப்பு. மேற்கு வரிசை. அவள் கணவன் முத்தையா பாமாயில் மில்லில் டாங்கி லோரி ஓட்டியவன். இனிப்பு நீர் வியாதியில் கண் மங்கி வேலையை விட்டவன். பகல் முழுக்க அவனுக்கு விசிறி வேண்டும். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி வேண்டும். பத்மாதான் போட்டுவிடுவாள். மகள் கீதா மின்னணுத் தொழிற்சாலையில் மூன்று ஷிஃப்டு மாறி மாறிப் போனாள். அவள் பகலில் தூங்கும் நாளில் இன்னொரு விசிறி.

"என் ஐஸ்பெட்டியில பாதி எடம் அவரு மீனு, அண்ணே. சிவப்பு மட்டும் முழுசா எனக்கு" என்று பத்மா ஒருநாள் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அவரிடமே சொல்லேன்."

"எப்படிண்ணே சொல்றது? இவருக்கு ஆஸ்பத்திரியில சீக்கிரம் பாக்கச் சொல்லி லெட்டர் எழுதிக் குடுத்தவரு. மீனு வைக்காதீங்கன்னா மூஞ்சி சுருங்கிடும்."

அந்த மாதம் கீதாவைப் பெண் பார்க்க பந்திங் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அதற்கு முதல் நாள் பத்மா செயலாளரிடம் போய், மூடியை ஒரு மணி நேரம் கழற்றி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். நான் அங்கேதான் இருந்தேன்.

"கழட்டினா அது பொய்யாயிடும் இல்லியாம்மா?" என்றார். மிகவும் பொறுமையாகச் சொன்னார். "ஒங்களுக்கு ஒரு சட்டம், மணியத்துக்கு ஒரு சட்டமா? நான் வேணும்னா வந்து உட்கார்ந்து வெளக்கிச் சொல்றேன், கவலப்படாதீங்க."

வந்து உட்காரவும் செய்தார். மாப்பிள்ளையின் பெரியப்பா வேனிலிருந்து இறங்கியதுமே கேட்டைப் பார்த்து, "இது என்னாங்க, சிவப்பா?" என்று கேட்டார். நம்மவர் எழுந்து நின்று, குளிர் தேசத்துக் கட்டுரையிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் விளக்கினார். பெரியப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்ப பொண்ணு வீட்டுக்குக் கை கொஞ்சம் தாராளம்னு சொல்லுங்க!" கூட வந்த இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொப்பி குடித்தார்கள். பலகாரம் தொட்டார்கள். "அடுத்த மாசம் நல்ல நாள் பாத்து மறுபடி வர்றோம்" என்று சொல்லிப் போனார்கள்.

மறுநாள் காலை பத்மா என் வீட்டு வாசலில் நின்றாள்.

"அண்ணே, அவங்க வர்றப்ப அந்தச் சிவப்பு இருக்கக்கூடாது. இருபத்தெட்டு வயசாச்சு கீதாவுக்கு. இது நாலாவது எடம். ஐஸ்பெட்டி எத்தன யூனிட்டு சாப்பிடும்?"

நான் நோட்டை எடுத்தேன். பழைய பெட்டி, கதவு ரப்பர் தளர்ந்தது, உள்ளே மீன் வேறு. மாதம் எழுபத்தைந்து வரும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன்.

"பகல்ல அணைச்சு வச்சா?"

"காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை என்றால் எட்டு மணி நேரம். மூன்றில் ஒரு பங்கு. இருபத்தைந்து மிச்சம். விசிறி, விளக்கு, டிவி எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்தால் பச்சைக்கே போய்விடலாம்."

அவள் முகம் தெளிந்தது. நானும் மகிழ்ந்தேன். பகலில் பெட்டி அணைந்து கிடந்தால் முத்தையாவின் மருந்தை என்ன செய்வாய் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என்னிடம் கேட்டது யூனிட், யூனிட்டைச் சொன்னேன்.

அவள் என்ன செய்தாள் என்பது பின்னால்தான் தெரிந்தது. முட்டாள்தனமாக ஒன்றும் செய்யவில்லை. அக்கறையோடு யோசித்துத்தான் செய்தாள். பெட்டி அணைந்து கிடக்கும் எட்டு மணி நேரமும் எந்த இடம் அதிகக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று கையை விட்டுப் பார்த்திருக்கிறாள். செயலாளரின் மீன் பொட்டலங்கள் கல்லாக உறைந்து சாயங்காலம்வரை சில்லென்று இருந்தன. இன்சுலின் போத்தல்களைக் கதவுத் தட்டிலிருந்து எடுத்து, அந்த ஐந்து பொட்டலங்களுக்கு நடுவில் பத்திரமாகச் செருகி வைத்தாள். சாயங்காலம் கரண்டு வந்ததும் மீனோடு சேர்ந்து மருந்தும் உறைந்தது. காலையில் அதை உள்ளங்கைச் சூட்டில் இளக்கி ஊசியில் ஏற்றினாள். ஒரு வேளை தவறாமல் மூன்று வாரம்.

முத்தையாவுக்குத் தாகம் அதிகமாயிற்று. அடிக்கடி எழுந்து போனான். ஆள் சுருங்கிப்போனான். விசிறி நின்றுபோனதால் வரும் களைப்பு என்று வீட்டில் நினைத்தார்கள். செருப்பு வார் உரசி வலது காலில் ஒரு புண் வந்திருந்ததை அவன் சொல்லவே இல்லை. ஒரு காலை குளியலறையில் விழுந்தான். மணியத்தின் லோரியில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். புண் எலும்புவரை போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

போட்டுவந்த மருந்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். கீதா ஓடிப்போய் எடுத்து வந்தாள். தாதி அந்தப் போத்தலைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். உள்ளே தவிடுபோல் துகள் மிதந்தது.

"இது எங்க வச்சிருந்தீங்க அக்கா?"

"மேல, ஐஸுக்குள்ள மிஸ்ஸி. மீனுக்கு நடுவுல. நல்லா சில்லுன்னு இருக்கும்."

"ஐஸ் ஆயிட்டா வேல செய்யாது அக்கா. இத்தன நாளும் நீங்க ஊசியில தண்ணியத்தான் ஏத்தியிருக்கீங்க."

பத்மா அந்தப் போத்தலைத் திருப்பி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

அன்று சாயங்காலம் நான் தாமானுக்குத் திரும்பிச் செயலாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். கால் போனதைச் சொன்னேன், மருந்தையும் சொன்னேன். "அடப் பாவமே" என்றார். நெற்றியைத் தடவினார். உண்மையாகவே வருந்தினார் என்றுதான் அந்த ஒரு நிமிடம் நினைத்தேன்.

"மருந்த யாரு சார் மீனோட வைக்கச் சொன்னா? போத்தலு ஒண்ணும் ஒடைஞ்சு கொட்டலையே?"

"இல்லை."

"அப்ப சரி. இல்லாட்டி மீனத் தூக்கிப் போடணும்."

பத்மா வீட்டுச் சாவி செயலாளர் வீட்டில் ஒன்று இருந்தது. மீதியிருந்த மூன்று பொட்டலங்களை எடுத்து வந்து அன்றைக்கே ஒன்றைச் சமைக்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தார். தெங்கிரி மீன் வறுக்கும் வாசம் எங்கள் வீட்டுக் கூடம்வரை வந்தது. மீன் கெடவே இல்லை.

ஒன்றாம் தேதி வந்தது. நான் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். பத்மா வீட்டு மீட்டரில் கழித்துப் பார்த்தால் நூற்று நாற்பத்தெட்டு. "வீட்டில் ஒன்பது நாள் ஆளே இல்லை, எல்லாரும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்" என்றேன்.

"ஆளு இல்லாட்டி கரண்டு மிச்சம்தானே சார்?" என்று சொல்லிவிட்டுச் சிவப்பு மூடியை அவிழ்த்தார். பச்சையைக் கட்டினார். கம்பியை முறுக்கி, கோணலாகத் தொங்குகிறதா என்று இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். "முடியும்னு நெனச்சா முடியும். இந்தம்மாவ அடுத்த கூட்டத்துல நான் எல்லாருக்கும் முன்னால சொல்லிக் காட்டப்போறேன்" என்றார். நானும் நூற்று நாற்பத்தெட்டு என்று பட்டியலில் எழுதினேன்.

பந்திங்காரர்கள் சொன்னபடி வந்தார்கள். முத்தையா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து மடிமேல் ஒரு துண்டை விரித்திருந்தார்கள். அந்தத் துண்டு ஒரு பக்கம் நேராக இறங்கிக் காற்றில் ஆடியது. பத்மா விருந்தாளிகளுக்காக விசிறியை ஐந்தில் வைத்திருந்தாள். பெரியப்பா வாசலிலேயே, "அட, பச்சையாயிடுச்சே!" என்றார்.

"நம்ம திட்டம்" என்றார் செயலாளர். நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "ஒரே மாசத்துல. கட்டுப்பாடு இருந்தா எல்லாம் நடக்கும்."

"இப்படித்தாங்க இருக்கணும் ஒரு குடும்பம்" என்றார் பெரியப்பா. முத்தையாவைப் பார்த்து, "இனிப்பு நீருங்களா? எங்க அண்ணனுக்கும் ஒரு வெரலு போச்சு" என்று பரிவாகக் கேட்டார். எல்லாம் நல்லபடியாக முடியப்போவதுபோல் இருந்தது.

கீதா தட்டில் ரோஜாப்பூ நிறத்தில் சர்பத் கொண்டுவந்தாள். எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியாகச் செயலாளர் முன்னால் குனிந்தாள்.

"எடுத்துக்குங்க அங்கிள். ஐஸ் போட்டிருக்கு." அவர் எடுத்துக்கொண்டார். அவள் நிமிரவில்லை. "ஒங்க மீனு நல்லா இருந்துச்சா அங்கிள்?"

"என்னாம்மா பேச்சு இது, பெரியவங்க இருக்கற எடத்துல?"

"எங்கப்பா மருந்து அதுக்கு நடுவுலதான் இருந்துச்சு. அதான் கேட்டேன்."

பெரியப்பா ஒன்றும் புரியாமல் பத்மாவைப் பார்த்தார். பத்மா தரையைப் பார்த்தபடி நான்கே வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். பச்சை வாங்க வேண்டி ஐஸ்பெட்டியை அணைத்ததையும், மருந்து உறைந்ததையும், கால் போனதையும், அந்த மூடி இவர்களுக்காகத்தான் என்பதையும். விசிறிச் சத்தத்தில் கடைசி வார்த்தை சரியாகக் கேட்கவில்லை.

பெரியப்பா சர்பத் தம்ளரைத் தரையில் வைத்தார். கூட வந்த பெண்களில் மூத்தவர் எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டார். "நாங்க வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்." வாசல் தாண்டும்போது அவர் மற்றவளிடம், "பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம்டி" என்று சொன்னது எல்லாருக்கும் கேட்டது. வேன் கிளம்பியது. முத்தையா யாரையும் பார்க்காமல் துண்டின் ஓரத்தை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

செயலாளர் எனக்கு முன்னால் வெளியேறினார். கோபமாகப் போகிறார், அல்லது வெட்கப்பட்டுப் போகிறார் என்று நினைத்தேன். மீட்டர் பெட்டியருகே நின்றுவிட்டார். சட்டைப் பையைத் தடவினார். பேனா இருந்தது, கண்ணாடி இல்லை.

"கண்ணாடிய உள்ள நாற்காலியிலயே விட்டுட்டேன்" என்றார் தாழ்ந்த குரலில். "இப்ப உள்ள போக முடியாது. நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார். காத்தாடி அஞ்சுல ஓடுது, பகல்லயே ரெண்டு வெளக்கு எரியுது. இந்தப் பொண்ணு இருக்கற திமிருக்கு இந்த மாசம் பச்சை நிக்காது."

உள்ளே பத்மா அழ ஆரம்பித்திருந்தாள். அவர் உள்ளங்கையை விரித்துப் பேனாவை வைத்துக் காத்திருந்தார்.

நான் குனிந்தேன். ஐந்து இலக்கங்கள். ஒன்று விடாமல் படித்துச் சொன்னேன்.